குளிர் காவல் நின்ற காடு

மைனஸ் 40 டிகிரி குளிர் வர வேண்டும் என்று யாராவது வேண்டிக்கொள்வார்களா? கனடாவின் மேற்குக் கோடியில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2000-களின் தொடக்கத்தில் வேண்டிக்கொண்டார்கள். வனத்துறையினர், மர ஆலைக்காரர்கள், ஆலையை நம்பிப் பிழைத்த சிற்றூர் மக்கள் என்று எல்லோருக்கும் அந்த வேண்டுதல் இருந்தது. சில நாட்கள் தொடர்ந்து அப்படியொரு குளிர் நிலைத்தால் போதும், தங்கள் பைன் காடுகளைத் தின்றுகொண்டிருக்கும் வண்டு செத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். முந்தைய தலைமுறையில் அப்படித்தான் நடந்திருந்தது.

இந்த முறை குளிர் வந்தது. வேண்டிய அளவுக்கு வரவில்லை. வண்டின் தாக்குதல் ஓய்ந்தபோது 1.8 கோடி ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு பாதிக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு 1.3 கோடி ஹெக்டேர்தான். மாகாணத்தில் வெட்டி விற்கத் தகுந்த பைன் மரங்களில் பாதிக்கு மேல் செத்துப்போயின.

புவி வெப்பமாகிறது என்றால் வெயில் தாங்காமல் மரம் வாடுவதையே நாம் முதலில் நினைக்கிறோம். பைன் காடுகளின் கதை வேறு விதமாகத் தொடங்குகிறது. வெப்பம் அங்கே மரத்தைத் தொடுவதற்கு முன்பே மரத்தைச் சுற்றியிருக்கும் உயிர்களின் நேரக்கணக்கைத் தொடுகிறது. வண்டு எத்தனை மாதத்தில் வளர்கிறது, பனி எப்போது உருகுகிறது, ஒரு தீக்கும் அடுத்த தீக்கும் எத்தனை ஆண்டு இடைவெளி கிடைக்கிறது என்ற கணக்குகளை நம்பித்தான் அந்தக் காடு பல்லாயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. இவற்றில் ஒன்று பிசகினாலும் காடு தாங்கிக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து பிசகும்போது என்ன ஆகிறது என்பதை வட அமெரிக்காவின் மேற்கு மலைகள் கடந்த முப்பது ஆண்டுகளில் காட்டியிருக்கின்றன.

பிசினை ஆயுதமாக்கும் மரம், அழைப்பாக்கும் வண்டு

மலைப் பைன் வண்டு கறுப்பாக, 5 மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கும். வெளியிலிருந்து வந்து புகுந்த பூச்சி அல்ல அது. ராக்கி மலைகளின் பைன் மரங்களோடு கூடவே வாழ்ந்து வந்தது. சாதாரணக் காலங்களில் காட்டுக்கு அது வேண்டிய உயிரும்கூட. மூப்பிலோ நோயிலோ தளர்ந்த மரத்தைத் தேடிக் கொல்லும். அந்த இடத்தில் வெளிச்சம் விழுந்து இளங்கன்றுகள் தலைதூக்கும். பட்ட மரத்தில் மரங்கொத்தி பொந்து குடையும்.

கோடையின் நடுவில், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், பெண் வண்டு புது மரம் தேடிப் பறக்கும். பட்டையைத் துளைத்து உள்பட்டைக்குள் நுழையும். இலைகள் தயாரிக்கும் சர்க்கரை கீழிறங்கும் வழி அதுதான். நலமான மரம் உடனே அந்தத் துளை வழியாகப் பிசினைப் பீய்ச்சி வண்டை வெளியே தள்ளும். பல சமயம் வண்டு பிசினுக்குள்ளேயே சிக்கிச் சாகும்.

அந்தப் பிசினில் உள்ள ஆல்ஃபா-பைனீன் என்ற வேதிப்பொருளைப் பெண் வண்டு தன் உடலுக்குள் மாற்றி, மற்ற வண்டுகளை அழைக்கும் வாசனையாக வெளியிடுகிறது. மரத்தின் தற்காப்பே எதிரிக்குத் தந்தியடிக்கிறது. வந்து சேரும் ஆண் வண்டுகள் தம் பங்குக்கு இன்னொரு வாசனையைச் சேர்க்கின்றன. சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கில் வண்டுகள் ஒரே மரத்தில் குவியும். ஒரு துளைக்குப் பிசின் போதும். நூறு துளைகளுக்குப் போதாது. மரத்தில் இடம் நிறைந்ததும் வெர்பினோன் என்ற மூன்றாவது வாசனை எழுந்து, இனி வருபவர்களை அடுத்த மரத்துக்கு அனுப்பிவிடும்.

வண்டு தனியாக வருவதில்லை. தன் வாயருகே உள்ள சிறு பைகளில் ஒரு பூஞ்சையைச் சுமந்து வருகிறது. அந்தப் பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களுக்குள் பரவி அவற்றை அடைக்கிறது, கட்டையை நீல நிறமாக்குகிறது. மேலே வண்டுப் புழுக்கள் சர்க்கரைப் பாதையை அறுக்க, உள்ளே பூஞ்சை தண்ணீர்ப் பாதையை அடைக்க, மரம் இரண்டு பக்கமும் துண்டிக்கப்பட்டுச் சாகிறது. ஆனாலும் அந்த ஆண்டு முழுக்க இலைகள் பச்சையாகவே இருக்கும். அடுத்த கோடையில்தான் சிவக்கும். சில ஆண்டுகளில் உதிர்ந்து சாம்பல் நிறக் கம்பமாக நிற்கும். காடு சிவப்பாகத் தெரியும்போது வண்டுகள் அங்கிருந்து போய் நாளாகியிருக்கும். விமானத்திலிருந்து கணக்கெடுப்பவர்கள் எப்போதும் ஓராண்டு பின்தங்கியே இருந்தார்கள்.

குளிர் செய்த வேலை

பட்டைக்கு அடியில் இருக்கும் புழு குளிர்காலத்தைக் கடக்க ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. இலையுதிர்காலத்தில் வெப்பநிலை மெல்ல மெல்லக் குறையும்போது தன் உடலில் கிளிசராலைச் சேர்த்துக்கொள்கிறது. உடலில் உள்ள நீர் பனிக்கட்டியாகி உறையாமல் அது பாதுகாக்கிறது. நடுக்குளிர்காலத்தில், கிளிசரால் முழுதாகச் சேர்ந்த புழுவைக் கொல்ல மைனஸ் 40 டிகிரி அளவுக்குக் குளிர் வேண்டும். அதே புழு, கிளிசரால் சேர்ந்து முடியாத அக்டோபர், நவம்பரில் மைனஸ் 25 டிகிரியிலேயே செத்துவிடும். ஆக, எவ்வளவு குளிர் என்பதோடு எப்போது குளிர் என்பதும் சேர்ந்தே வண்டின் விதியை எழுதுகிறது.

1970-களின் இறுதியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்கோட்டின் பீடபூமியில் இதே வண்டு பெருகியது. 1984, 1985 ஆண்டுகளின் இலையுதிர்காலத்தில் திடீரெனக் கடுங்குளிர் இறங்கியது. அத்தோடு அந்தப் பெருக்கம் சரிந்தது. 1990-களில் தொடங்கிய அடுத்த பெருக்கத்துக்கு அப்படி ஒரு முற்றுப்புள்ளி கிடைக்கவில்லை. மாகாணத்தின் குளிர்காலங்கள் சராசரியாகச் சூடாகியிருந்தன. குறிப்பாக, இரவுகளின் உச்சக் குளிர் தணிந்திருந்தது.

பழியை வெப்பத்தின் மேல் மட்டும் போட்டுவிடவும் முடியாது. இந்த வண்டு முக்கியமாகத் தாக்கும் லாட்ஜ்போல் பைன் மரம் எண்பது வயதைத் தாண்டும்போதுதான் வண்டுக்கு ஏற்ற விருந்தாகிறது. அப்போதுதான் உள்பட்டை போதிய தடிமனாக இருக்கும். நூறு ஆண்டுகளாகக் காட்டுத்தீயை விடாமல் அணைத்துவந்ததால், இளசும் முதிர்ந்ததும் கலந்து நிற்க வேண்டிய நிலப்பரப்பில் முதிர்ந்த பைன் மரங்கள் ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருகியிருந்தன. பந்தியை மனிதர்கள் விரித்து வைத்தார்கள். வாசற்காவலை வெப்பம் விலக்கிவிட்டது.

மலையைத் தாண்டிய வண்டு

ராக்கி மலைத்தொடர் இந்த வண்டுக்கு நெடுங்காலம் மதிலாக இருந்தது. அதன் கிழக்குச் சரிவில் குளிர் அதிகம். 2006-ம் ஆண்டுக் கோடையில், மேல்காற்றில் ஏறிய வண்டுக் கூட்டங்கள் மலையைக் கடந்து ஆல்பர்ட்டா மாகாணத்தின் வடமேற்கில் பெருமளவில் இறங்கின. அங்கே லாட்ஜ்போல் பைனும் ஜாக் பைனும் கலந்து, இரண்டுக்கும் பிறந்த கலப்பு மரங்களும் நிற்கின்றன. அந்தக் கலப்பு மரங்களைப் பாலமாக்கிக்கொண்டு வண்டு ஜாக் பைனுக்குத் தாவியதை மரபணு ஆய்வு 2011-ல் உறுதிசெய்தது.

ஜாக் பைன் காடுகள் ஆல்பர்ட்டாவில் தொடங்கிக் கனடாவின் குறுக்கே அட்லாண்டிக் கடலோரம் வரை நீள்கின்றன. வண்டு இதுவரை பார்த்திராத அந்த நெடுஞ்சாலை இப்போது அதன் முன் திறந்து கிடக்கிறது. ஆனாலும் குளிர் தன் வேலையை முழுக்க மறந்துவிடவில்லை. 2019 முதல் தொடர்ந்து வந்த கடுங்குளிர்காலங்களும், தாக்கப்பட்ட மரங்களைத் தேடித் தேடி வெட்டி எரித்த பணியும் சேர்ந்து, ஆல்பர்ட்டாவில் வண்டின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்திருக்கின்றன. குளிர் வந்தால் வண்டு தணிகிறது என்பதற்கு இது இன்னொரு சான்று. அப்படிப்பட்ட குளிர்காலம் இனி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பதுதான் கேள்வி.

கார்பன் வங்கியில் கடன்

வளரும் மரம் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக் கட்டையாகச் சேர்க்கிறது. செத்த மரம் மட்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்கிறது. கனடா வனத்துறை ஆய்வாளர் வெர்னர் குர்ஸும் அவருடைய குழுவினரும் 2008-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் நடுப்பகுதியில் 3,74,000 சதுர கிலோமீட்டர் காட்டில் 2000 முதல் 2020 வரை வண்டின் விளைவு 27 கோடி டன் கார்பன் இழப்பாக இருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். கார்பனைச் சிறிதளவு உள்ளிழுத்துவந்த காடு, கார்பனை வெளியிடும் காடாக மாறிவிட்டது. வெப்பம் வண்டை வளர்க்கிறது, வண்டு மரத்தைக் கொல்கிறது, செத்த மரம் வெப்பத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது.

இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. தாக்கப்பட்ட காடுகளுக்குள் உயரமான கோபுரங்கள் நட்டு, காற்றில் போய்வரும் கார்பன் டையாக்சைடை நேரடியாக அளந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். பெரிய மரங்கள் செத்த பின்னும், கீழே நிழலில் காத்திருந்த இளமரங்களும் புதர்களும் புதிதாகக் கிடைத்த வெளிச்சத்தில் வேகமாக வளர்ந்தன. வெட்டி அகற்றாமல் விட்ட சில இடங்கள் எதிர்பார்த்ததைவிட விரைவில் சமநிலைக்குத் திரும்பின. காட்டுக்குள் செத்த மரம் எவ்வளவு முக்கியமோ, உயிரோடு மிஞ்சியதும் அவ்வளவு முக்கியம்.

மனிதர்களின் கணக்கு அப்படித் தேறவில்லை. செத்த மரம் நின்றபடியே வெடித்துப் பிளந்து, சில ஆண்டுகளில் பலகைக்கு உதவாமல் போகும். அதற்குள் வெட்டிவிட வேண்டும் என்று ஆலைகள் இரவு பகலாக ஓடின. நீலக் கறை படிந்த கட்டைக்கு 'டெனிம் பைன்' என்று பெயர் சூட்டி விற்றார்கள். 2010 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காக ரிச்மண்டில் கட்டிய சறுக்கு அரங்கின் கூரை இந்த மரத்தில்தான் அமைந்தது. அவசரம் அடங்கியபின் வெட்ட மரம் இல்லை. 2014-ல் கெனெல், ஹூஸ்டன் போன்ற சிற்றூர்களில் மர ஆலைகள் மூடப்பட்டன.

மலைமுகட்டின் வெண்பட்டைப் பைன்

லாட்ஜ்போல் பைனுக்கு வண்டு பழகிய எதிரி. அதற்கும் மேலே, மரங்கள் வளரும் எல்லைக்கோட்டில் நிற்கும் வெண்பட்டைப் பைனுக்கு அப்படிப் பழக்கம் இல்லை. அந்த உயரத்தில் கோடை குறுகியது. வண்டு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற இரண்டு ஆண்டுகள் ஆகும். இரண்டு குளிர்காலங்களைக் கடக்க வேண்டும், அதிலும் தவறான பருவத்தில் மாட்டிக்கொண்டு பெரும்பாலானவை சாகும். மரம் பாதுகாப்பாக இருந்தது, அதனால் வலுவான பிசின் ஆயுதங்களைச் சேர்த்துக்கொள்ளும் தேவையும் குறைவாக இருந்தது.

வெப்பம் கூடியதும் வண்டு ஒரே ஆண்டில் வளர்ந்து முடிக்கத் தொடங்கியது. வளர்வது விரைவானதோடு, எல்லா வண்டுகளும் ஒரே சமயத்தில் வெளிப்படுவதும் எளிதானது. கூட்டமாகத் தாக்கினால்தான் மரத்தை வெல்ல முடியும் என்பதால் இந்த ஒருமித்த நேரம்தான் உண்மையான ஆபத்து. அமெரிக்க வனத்துறையின் பூச்சியியலாளர் ஜெஸ்ஸி லோகனும் கணிதவியலாளர் ஜேம்ஸ் பவலும் இதை முன்கூட்டியே கணித்து, 2001-ல் எழுதினார்கள். இடாஹோ மாநிலத்தின் ரயில்ரோடு ரிட்ஜ் என்ற உயர்ந்த முகட்டில் சூழல் எப்போது மாறும் என்பதை அவர்களின் மாதிரி சொன்னது. அவர்கள் நினைத்ததற்கு வெகு முன்பாக, 2000-களின் தொடக்கத்திலேயே அங்கே மரங்கள் சிவந்தன. 1930-களின் சூடான ஆண்டுகளிலும் வண்டு அந்த உயரத்துக்கு ஏறியிருந்தது. ஆனால் அப்போது குளிர் திரும்பி வந்து அதை இறக்கிவிட்டது.

இந்த மரத்துக்கு இன்னொரு எதிரியும் உண்டு. 1910 வாக்கில், இறக்குமதிக் கன்றுகளோடு வான்கூவர் துறைமுகம் வழியே வந்திறங்கிய துரு நோய்ப் பூஞ்சை அது. அதற்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லை. கலிபோர்னியாவின் செக்கோயா, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களில் 1996 முதல் 2016 வரை நடந்த கணக்கெடுப்பில், வறண்டுபோன தாழ்ந்த சரிவுகளில் நோய் குறைந்தது. முன்பு குளிரால் எட்ட முடியாத உயர்ந்த சரிவுகளில் பரவியது. நோய் மறையவில்லை, மாடி ஏறியது.

ஒரு மரம் போனால் என்ன, வேறு மரம் இருக்கிறதே என்று சொல்ல முடியாத இடம் இது. வெண்பட்டைப் பைனின் கூம்பு தானாகத் திறக்காது. கிளார்க் நட்கிராக்கர் என்ற பறவை வந்து அலகால் உடைத்து விதையெடுக்க வேண்டும். தன் நாவுக்கு அடியிலுள்ள பையில் நூறுக்கும் மேற்பட்ட விதைகளை ஒரே தடவையில் நிரப்பிப் பறந்து, மலைச்சரிவெங்கும் சிறு சிறு குழிகளில் சில விதைகளாகப் புதைத்து வைக்கும். ஒரு பருவத்தில் ஒரு பறவை பல்லாயிரம் விதைகளைப் புதைக்கும். பனி மூடிய பிறகும், பாறை, மரம் போன்ற அடையாளங்களை நினைவில் வைத்துத் தோண்டியெடுக்கும். எடுக்காமல் விட்டவைதான் அடுத்த தலைமுறைக் காடு. மரங்கள் குறைந்து கூம்புகள் அருகினால் பறவை அந்தச் சரிவுக்கு வருவதையே நிறுத்திவிடுகிறது. மிஞ்சிய கூம்புகளை அணில்கள் காலி செய்கின்றன. மரம் குறைந்ததால் பறவை இல்லை, பறவை இல்லாததால் மரம் இல்லை.

அணில் சேர்த்துவைத்த கூம்புக் குவியலைக் கிரிஸ்லி கரடி கொள்ளையடிக்கும். பாதிக்கு மேல் கொழுப்புள்ள அந்த விதை, நீள்துயிலுக்குப் போகும் முன் கரடிக்குக் கிடைக்கும் சிறந்த உணவு. விதை விளையாத ஆண்டுகளில் கரடிகள் தாழ்வான பகுதிக்கு இறங்கி மனிதர்களோடு மோதுகின்றன. 2009-ல் யெல்லோஸ்டோன் வட்டாரத்துக் கரடிகளுக்குச் சட்டப் பாதுகாப்பை மீண்டும் வழங்கிய அமெரிக்க நீதிமன்றம், வெண்பட்டைப் பைனின் அழிவையும் காரணமாகச் சொன்னது. பிற்பாடு நடந்த ஆய்வுகளில், கரடிகள் இறைச்சி முதலான வேறு உணவுகளுக்கு மாறிக்கொண்டு தாக்குப்பிடிப்பது தெரிந்தது. கரடிக்கு மாற்று உணவு உண்டு. பனியை நிழலில் காத்து, மெல்ல உருகவிட்டு, ஓடைகளில் கோடை வரை தண்ணீர் ஓடச் செய்யும் வேலைக்கு அந்த முகட்டில் மாற்று மரம் அரிது.

2016 நிலவரப்படி அமெரிக்காவில் நின்றுகொண்டிருந்த வெண்பட்டைப் பைன் மரங்களில் பாதிக்குமேல், 51 சதவீதம், செத்த மரங்கள். 2012-ல் கனடா இதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. அமெரிக்கா 2022 டிசம்பரில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

வறண்ட காற்றின் தாகம்

வண்டு இல்லாமலும் வெப்பம் கொல்லும். காற்று ஒரு டிகிரி சூடானால், அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. மழையளவு மாறாமலிருந்தாலும், சூடான காற்று மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் அதிக நீரை உறிஞ்சிக்கொள்ளும். பைன் மரத்துக்கு அப்போது இரண்டே வழி. இலைத்துளைகளைத் திறந்து வைத்தால், உள்ளே மேலேறும் நீர்த்தாரை இழுபட்டு அறுந்து குழாயில் காற்றுக்குமிழ் புகும். மூடினால் நீர் மிஞ்சும். ஆனால் கார்பன் டையாக்சைடு நுழையாது, உணவு தயாரிப்பு நிற்கும். பைன் பெரும்பாலும் மூடிக்கொள்ளும் இனம். சேமிப்பைத் தின்று நாள் கடத்தும். பிசின் செய்யவும் கார்பன்தான் வேண்டும் என்பதால், பட்டினியில் இருக்கும் மரத்துக்கு வண்டை விரட்ட ஆயுதமும் இல்லை.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2000-களின் தொடக்கத்தில் வந்த வறட்சியில் பின்யான் பைன் மரங்கள் கூட்டமாகச் செத்தன. லாஸ் அலமோஸ் அருகே டேவிட் பிரெஷியர்ஸ் குழுவினர் கவனித்துவந்த இடத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டன. அதே பகுதி 1950-களில் இதைவிட மழை குறைந்த வறட்சியைக் கண்டிருக்கிறது. அப்போது இவ்வளவு மரங்கள் சாகவில்லை. இரண்டுக்கும் இருந்த வேறுபாடு வெப்பம்தான். மழைக்குறைவை மட்டும் பார்த்து வறட்சியை அளந்த பழைய கணக்கு இனி செல்லாது என்பதை 2005-ல் வெளியான அந்த ஆய்வு நிறுவியது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சி இதை இன்னும் பெரிய அளவில் காட்டியது. பாண்டரோசா பைன் உட்பட 10 கோடிக்கு மேற்பட்ட மரங்கள் அந்த மாநிலத்தில் செத்தன.

தீக்குத் தீ எவ்வளவு தூரம்

பைன் காட்டுக்குத் தீ புதிதல்ல. லாட்ஜ்போல் பைனின் பல கூம்புகள் அரக்கு வைத்து முத்திரையிட்டதுபோல் பிசினால் மூடிக் கிடக்கும். தீயின் சூட்டில் பிசின் உருகினால்தான் கூம்பு விரிந்து விதை கொட்டும். 1988 கோடையில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான பரப்பு எரிந்தது. நாடே பதறியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சாம்பலில் பைன் கன்றுகள் எழுந்தன. சில இடங்களில் ஹெக்டேருக்கு லட்சக்கணக்கில். காடு சாகவில்லை, தன் வழக்கப்படி புதுப்பித்துக்கொண்டது என்று சூழலியலாளர்கள் நிம்மதியடைந்தார்கள்.

அந்த வழக்கத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. யெல்லோஸ்டோனில் ஒரே இடத்தில் பெருந்தீ திரும்ப வர நூறு முதல் முந்நூறு ஆண்டுகள் ஆகும். அதற்குள் மரங்கள் முதிர்ந்து கூம்புகளைச் சேர்த்துவிடும். 2016-ல் வறண்ட கோடையில் எழுந்த தீ, 1988-லும் 2000-லும் எரிந்து முளைத்த இளங்காடுகளை மறுபடி எரித்தது. 28 வயதுக் காட்டிலும் 16 வயதுக் காட்டிலும் கூம்பு இருப்பு மிகக் குறைவு. இருந்த சில கூம்புகளும், கீழே கிடந்த பழைய கட்டைகளும், இளமரங்களின் தண்டுகளும்கூடச் சாம்பலாயின. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மோனிகா டர்னர் 1988 முதலே இந்தக் காட்டைக் கவனித்து வருபவர். அவருடைய குழு எண்ணிப் பார்த்தபோது, நீண்ட இடைவெளிக்குப் பின் எரிந்த இடங்களோடு ஒப்பிட்டால், குறுகிய இடைவெளியில் எரிந்த இடங்களில் முளைத்த கன்றுகள் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தன.

தீ அதே தீதான். மரமும் அதே மரம். நடுவிலிருந்த கால இடைவெளி சுருங்கியபோது புதுப்பித்தல் அழித்தலாகிவிட்டது. நூற்றாண்டின் நடுவில் யெல்லோஸ்டோனில் முப்பது ஆண்டுக்குள்ளாகவே தீ சுற்றிவரும் நிலை ஏற்படலாம் என்கின்றன கணிப்புகள். அப்படி நடந்தால் பல சரிவுகளில் பைனுக்குப் பதிலாகப் புல்வெளியும் ஆஸ்பென் போன்ற வேறு மரங்களும் நிற்கும். அங்கே உயிர்கள் இருக்கும்; பைன் காடு என்று நாம் சொல்லும் அந்தக் கூட்டு வாழ்க்கை இருக்காது.

எந்த விதையை எங்கே நடுவது?

சூடாகும் மலையில் மரங்கள் மேலே ஏறிப் பிழைக்கலாமே என்று தோன்றும். மரம் நடக்காது; அதன் விதை போய் முளைத்து வளர வேண்டும். வெண்பட்டைப் பைன் முதல் கூம்பு வைக்கவே இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆகும். நல்ல விளைச்சலுக்கு அறுபது, எண்பது ஆண்டுகள். வெப்பம் அவ்வளவு பொறுமையாகக் காத்திருப்பதில்லை. ஏற்கெனவே முகட்டில் நிற்கும் மரத்துக்கு மேலே மலையும் இல்லை.

ஆகவே மனிதர்கள் சில வேலைகளைக் கையில் எடுத்திருக்கிறார்கள். துரு நோயில் மற்ற மரங்கள் சாகும்போது தப்பி நிற்கும் வெண்பட்டைப் பைன்களைத் தேடி, உச்சிவரை ஏறி, கூம்புகளுக்குப் பறவையும் அணிலும் எட்டாதபடி கம்பிவலைக் கூண்டு கட்டி, விதை சேகரித்து, இடாஹோ மாநிலத்தின் கோர் டலேன் நாற்றங்காலில் வளர்க்கிறார்கள். மொன்டானாவில் சேலிஷ், கூட்டனாய் பழங்குடியினர் தங்கள் நிலத்தில் இதற்கென்றே திட்டம் நடத்துகிறார்கள். விலைமதிப்புள்ள தாய் மரங்களின் தண்டில் வெர்பினோன் பொட்டலங்களைக் கோடைதோறும் அறைந்து, 'இங்கே இடமில்லை' என்று வண்டை அதன் மொழியிலேயே ஏமாற்றுகிறார்கள். நெருக்கமாக வளர்ந்த பாண்டரோசா காடுகளில் இடையிடையே மரங்களை வெட்டி நெருக்கத்தைக் குறைத்து, கட்டுப்படுத்திய சிறுதீயை வைத்து, பெருந்தீக்கு இரையாகும் விறகைக் குறைக்கிறார்கள். இவை பலன் தருபவைதான்; ஆனால் குறிப்பிட்ட சரிவுகளுக்கும் குறிப்பிட்ட மரங்களுக்கும்தான். கோடிக்கணக்கான ஹெக்டேரில் பொட்டலம் அறைய முடியாது.

பெரிய அளவில் மாற்றக்கூடியது விதை. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சாலி எய்ட்கனும் அவருடைய மாணவரும் வெண்பட்டைப் பைன் விதைகளை அதன் இன்றைய எல்லைக்கு வடக்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விதைத்தார்கள். அங்கே அவை முளைத்தன. அந்த மரம் அங்கே இல்லாததற்குக் காலநிலை காரணமல்ல, விதை இன்னும் போய்ச்சேரவில்லை என்பதுதான் காரணம் என்று அது காட்டியது. அதே மாகாண அரசு 2018-ல் தன் மறுநடவு விதியையே திருத்தத் தொடங்கியது. உள்ளூர் விதையே உள்ளூர் மண்ணுக்குச் சிறந்தது என்பது வனவியலின் பழைய பாடம். புதிய விதிப்படி, நடும் இடத்தின் வருங்கால வெப்பநிலையை இன்றே கொண்டிருக்கும், சற்றுத் தெற்கே அல்லது தாழ்வாக உள்ள இடத்தின் விதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் இக்கட்டு இருக்கிறது. நாளைய வெப்பத்துக்கு ஏற்ற கன்று இன்றைய உறைபனியில் கருகக்கூடும். இன்றைய குளிரைத் தாங்கும் கன்று நாற்பது வயதில் வறட்சிக்கு இரையாகக்கூடும். இன்று நடும் பைன் 2100-ம் ஆண்டில்தான் முதிர்ந்த மரமாக நிற்கும். அதற்குள் வெப்பம் ஒன்றரை டிகிரியில் நிற்குமா, மூன்றில் நிற்குமா என்பது தெரியாமல் விதையைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டுக்கும் நடுவே ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊக இடைவெளியைச் சுருக்குவது வனத்துறையின் கையில் இல்லை. நிலக்கரியும் எண்ணெயும் எவ்வளவு வேகத்தில் கைவிடப்படுகின்றன என்பதில்தான் இருக்கிறது. வெப்பம் மெல்ல ஏறினால் விதை போய்ச்சேர, பறவை புதைக்க, மரம் முதிர, கூம்பு சேர நேரம் கிடைக்கும். பைன் காட்டுக்கு மாறத் தெரியும். பனியுகங்களைக் கடந்து வந்த காடு அது. அப்போது அதற்குக் கிடைத்த ஆயிரம் ஆண்டுகளை நாம் தர முடியாது. நூறு ஆண்டுகளையாவது தர முடியும்.